ஆளைத் தெரியும், சரி. நடந்தது தெரியுமா?

வன்னியில் ஒரு ஊரில் களவு போனாலோ ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தாலோ, பொலிஸ் ஜீப் வந்து சேர முன்னமே தீர்ப்பு வந்துவிடும். ஒன்றில் "உவன்தான், வேற ஆர் செய்யப்போறான்?" என்பார்கள், இல்லாவிட்டால் "சீச்சீ, அவர் அப்பிடியான ஆள் இல்லை" என்பார்கள். இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று எதிராகத் தெரிந்தாலும் இரண்டுமே தவறவிடும் கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு, அந்த நேரம், அந்த இடத்தில் என்ன நடந்தது? ஆளைப் பற்றி நாம் வைத்திருக்கும் அபிப்பிராயம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு அது விடை தராது. நீதிமன்றம் ஏன் அந்த அபிப்பிராயத்தை வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது, எந்த இடத்தில் மட்டும் உள்ளே விடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஆளை எடைபோடுவதே பிழை என்று சொல்ல வரவில்லை. ஊரில் வாழ அது வேண்டும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரை நம்பி வயலைக் குத்தகைக்கு விடலாம், யார் வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பதையெல்லாம் ஆளை அறிந்துதான் முடிவு செய்கிறோம். வேலைக்கு விண்ணப்பித்தால்கூட விதானையாரிடம் போய் நற்சான்றிதழ் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் வன்னியில் இந்த அறிவு எல்லாரைப் பற்றியும் ஒரே அளவில் இல்லை. வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குடியேற்றங்களுக்கு வெளியிடங்களிலிருந்து வந்தவர்கள், 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள், 2009க்குப் பிறகு வேறு ஊரில் மீள்குடியேறியவர்கள் என்று பல விதமான சனம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சாமான் காணாமல் போனால் முதலில் எந்தக் குடியிருப்புப் பக்கம் கை நீளுகிறது என்று பாருங்கள். நாம் 'குணம்' என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, ஊர், சாதி, காணி, காசு பற்றிய கதைதான்.

மாட்டுக் களவை எடுத்துக்கொள்வோம், வன்னியில் இதைக் கஷ்டப்பட்டுக் கற்பனை செய்யத் தேவையில்லை. மேய்ச்சல் தரவைக்குப் போன நாம்பன் ஒன்று திரும்பி வரவில்லை. இரண்டாம் நாள் குளக்கட்டுக்குப் பின்னால் தலையும் குடலும் கிடக்கின்றன. ஊரில் ஒருவன் இருக்கிறான், முன்பு கசிப்போடு (கள்ளச்சாராயத்தோடு) பிடிபட்டுத் தண்டம் கட்டியவன், ஒழுங்கான வேலை இல்லை, மனைவி கோவித்துக்கொண்டு தாய்வீட்டில். எல்லாருடைய சந்தேகமும் அவனில்தான். சரி, அவனுக்கு எதிராக நம் கையில் என்ன இருக்கிறது? கசிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். சாட்சியம் என்றால் அது வேறு மாதிரி இருக்கும்: தோலில் சுட்ட குறி யாருடையது, அந்தத் தோல் யாருடைய வளவில் கிடந்தது, அன்றிரவு லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) ஒன்று விளக்குப் போடாமல் போனதைக் கண்டது யார், இறைச்சியை வாங்கியது யார், மாடு ஏற்றியவரிடம் உரிமைச் சீட்டு இருந்ததா. இதில் ஒன்றுக்காவது விடை சொல்ல அவன் குடிகாரனா இல்லையா என்று தெரிய வேண்டியதில்லை. அதோடு, ஊர் முழுக்க அவனுடைய படலையில் போய் நின்றால் லான்ட்மாஸ்டர் ஓட்டியவன் நிம்மதியாகத் தூங்குவான். ஊர்த் தீர்ப்பில் வருகிற இந்த நட்டத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. தப்பான ஆளைப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் சரியான ஆள் தப்பிக்கிறான், அடுத்த நாம்பனும் போகிறது.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிற சனத்துக்கு இந்த நியாயம் தெரியாததல்ல. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி தங்கிய இடம் என்று நம்பித்தான் அங்கே பொங்குகிறோம். அந்தக் கதையில் கோவலன் நல்ல நடத்தைக்குப் பேர்போனவன் இல்லை, பெண்சாதியை விட்டு மாதவியிடம் போனவன், இருந்த சொத்தையும் அழித்தவன். ஊரைக் கேட்டிருந்தால் "செய்யக்கூடிய ஆள்தான்" என்றிருக்கும். கண்ணகியும் சபையில் போய் என் புருசன் தங்கமானவர் என்று வாதாடவில்லை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றாள், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் பாண்டியன், சிலம்பை வாங்கி அவளே உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. பாண்டியன் கெட்ட அரசன் என்று கதை சொல்லவில்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு விசாரிக்காமல் ஆளை வெட்டச் சொன்னான், அவ்வளவுதான் அவன் செய்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், 1872இன் இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. அதன் 53ஆம் பிரிவு, குற்ற வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நல்ல நடத்தை உள்ளவர் என்பதைச் சாட்சியமாகக் கொண்டுவரலாம் என்கிறது. அடுத்த பிரிவான 54, எதிரி கெட்ட நடத்தை உள்ளவர் என்பது பொருத்தமற்றது என்கிறது. எதிரியே "நான் நல்லவன்" என்று சாட்சியம் வைத்தால் மட்டும், அதை மறுக்க வழக்குத்தொடுநர் மற்றப் பக்கத்தையும் காட்டலாம். அதனால்தான் பழைய கேஸ் உள்ள ஆளின் சட்டத்தரணி, ஊர்ப் பெரியவரைக் கூட்டிவந்து நல்லவன் என்று சொல்ல வைக்கப் பயப்படுவார். அந்தக் கதவைத் திறந்தால் பழைய குற்றத்தீர்ப்பெல்லாம் பின்னால் வந்துவிடும்.

நல்லது உள்ளே வரலாம், கெட்டது வரக்கூடாது என்பது பலருக்கு ஓரவஞ்சனையாகத் தெரியும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பக்கத்தில் அரசாங்கம் நிற்கிறது, பொலிஸ், அரச பகுப்பாய்வாளர், சட்டமா அதிபர் திணைக்களம் எல்லாம் அதனிடம் இருக்கின்றன. மற்றப் பக்கத்தில் கூண்டில் ஒரு ஆள். அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை, குற்றவாளி என நிரூபிக்கப்படும் வரை எவரும் சுற்றவாளி (குற்றமற்றவர்) என்றே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியது அரசு. அந்தச் சுமையோடு வருகிறவர்களுக்கு "இவன் ஏற்கெனவே இப்படித்தான்" என்ற குறுக்குவழியைக் கொடுத்தால், மிச்ச வேலையை அவர்கள் செய்யமாட்டார்கள். கேட்கிற மனிதரும் அப்படித்தான், பழைய களவு ஒன்றைக் காதில் போட்டுவிட்டால் புதிய களவுக்குச் சாட்சி போதுமா என்று கவனமாகப் பார்க்க மனம் வராது, இவனை உள்ளே போட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை என்று ஒரு எண்ணம் வந்துவிடும்.

பழைய நடத்தை ஒருபோதும் வராது என்றும் இல்லை. 15ஆம் பிரிவு, ஒரு செயல் தற்செயலா வேண்டுமென்று செய்ததா என்ற கேள்வி வந்தால் அதேமாதிரியான மற்றச் சம்பவங்களைப் பார்க்கலாம் என்கிறது. சட்டமே ஒரு உதாரணம் தருகிறது: காப்புறுதிக் காசுக்காக வீட்டை எரித்ததாக ஒருவர்மேல் வழக்கு, அவர் முன்பு இருந்த வீடுகளும் ஒவ்வொன்றாகக் காப்புறுதி செய்யப்பட்டு ஒவ்வொன்றாக எரிந்திருக்கின்றன, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நிறுவனத்தில் காசு எடுத்திருக்கிறார். இதை நீதிமன்றம் பார்க்கலாம், ஏனென்றால் இது அவருடைய குணத்தைப் பற்றிய கதை இல்லை, தீ எப்படிப் பிடித்தது என்பதைப் பற்றிய சாட்சி.

பிணையிலும் தண்டனையிலும் ஆளைப் பார்ப்பது சரியான வேலை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது. மறுப்பதென்றால், ஆள் தவணைக்கு வராமல் ஓடிவிடுவாரா, சாட்சிகளை வெருட்டுவாரா, வெளியில் போய் இன்னொரு குற்றம் செய்வாரா என்பவற்றை முக்கியமாக நீதவான் பார்க்க வேண்டும். இவை இனி நடக்கப்போவதைப் பற்றிய கேள்விகள், ஆகவே ஆளைப் பற்றிய அறிவு இங்கே உதவும். நிலையான முகவரி, வீட்டில் சின்னப் பிள்ளைகள், நிரந்தரத் தொழில் இதெல்லாம் இங்கே கணக்கில் வரும். குற்றத்தீர்ப்புக்குப் பிறகு தண்டனை சொல்லும்போதும் அப்படித்தான், முதல் குற்றமா, பழைய தண்டனைகள் உண்டா என்று அப்போது பகிரங்கமாகவே வாசிப்பார்கள். நடுவில் இருக்கிற "செய்தாரா" என்ற ஒரு கேள்வியில்தான் கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

இதுவரைக்கும் கெட்ட பேரைப் பற்றிக் கதைத்தோம். என் பார்வையில் நம் ஊர்களில் அதைவிட அதிகம் அநியாயம் செய்வது நல்ல பேர். ஒரு பிள்ளை, ரியூசன் மாஸ்டர் தன்னிடம் பிழையாக நடந்தார் என்று தாயிடம் சொல்கிறது என்று வைப்போம். மாஸ்டர் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் படிப்பிப்பவர், அவரிடம் படித்து கம்பஸ் போனவர்கள் ஊரில் நாலைந்து பேர். தாய் முறைப்பாடு செய்யப் போக முன்னம் மூன்று பெரியவர்கள் வீட்டுக்கு வந்து விடுவார்கள். "அவர் அப்பிடியான ஆள் இல்லை தங்கச்சி, பிள்ளை விளங்காமல் சொல்லுது, பொம்பிளைப் பிள்ளையின்ர எதிர்காலத்தையும் யோசியுங்கோ." அங்கே கேஸ் முடிந்தது. அந்த மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, தாங்கள் கண்ட மாஸ்டரைப் பற்றி உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் மூடிய அறைக்குள் அவர் எப்படி இருந்தார் என்பதை அவர்கள் காணவில்லை, கண்டது அந்தப் பிள்ளை மட்டும். இன்னொன்று, பிள்ளைகளிடம் நெருங்க வேண்டுமென்றால் நல்ல பேர் இல்லாமல் நெருங்க முடியாது. அந்தப் பேரையே சுற்றவாளி என்பதற்கு ஆதாரமாக வைத்தால் அது எதிர்த்திசையில் ஓடுகிற வாதம்.

மாஸ்டருக்கும் நியாயமான விசாரணை வேண்டும்தான், அவர் செய்யாமலும் இருக்கலாம். பிள்ளையின் வாக்குமூலம் பதியப்பட்டு, சட்ட வைத்திய அதிகாரி பார்த்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால்தான் அவருக்கும் தன் பேரை ஒழுங்காக மீட்க வழி உண்டு. வீட்டு விறாந்தையில் மூடிய கேஸில் பிள்ளை பொய்க்காரி ஆகிறாள், மாஸ்டர் மேல் ஒரு முணுமுணுப்பு நிரந்தரமாக நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் செய்வது உதவி என்று நினைக்கிறார்கள், இரண்டு பேருக்கும் அது உதவி இல்லை. இதைச் சட்டமும் எப்போதும் சரியாகப் பிடித்தது என்று சொல்ல முடியாது. அதே 1895 சட்டத்தின் 155ஆம் பிரிவில், வன்புணர்வு வழக்கில் முறைப்பாடு செய்த பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவர் என்று காட்டி அவருடைய சாட்சியத்தை மறுக்கலாம் என்று எழுதி வைத்தார்கள். எதிரியின் கெட்ட நடத்தைக்குப் பூட்டு, பாதிக்கப்பட்டவளின் நடத்தைக்குத் திறந்த படலை! இந்தியாவில் இதே வரியை 2003இல் எடுத்துவிட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் பழைய குற்றவாளிகளின் பட்டியல் இருக்கும், ஐஆர்சி என்று சொல்வார்கள். களவு நடந்தால் முதலில் அந்தப் பட்டியலில் உள்ளவரை விசாரிப்பது புலனாய்வுக்கு ஒரு தொடக்கம், அதை யாரும் தடுக்க முடியாது. பிரச்சினை வருவது தொடக்கமே முடிவாகிறபோது. ஆளைப் பிடித்தாயிற்று, இனி அவன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிலை வந்தால் அடி விழும். 1895இலேயே இதைத் தெரிந்துதான் பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்று 25ஆம் பிரிவைப் போட்டார்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தப் பாதுகாப்பை உடைத்தது. அதன் 16ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும், அது அடித்து வாங்கியது என்றால் அடி வாங்கியவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். மட்டக்களப்பைச் சேர்ந்த தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர், சிங்களத்தில் எழுதப்பட்ட அப்படியான ஒப்புதலுக்குக் கைநாட்டு வைத்து, அதை வைத்தே 1995இல் 50 வருடத் தண்டனை பெற்றார், மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004இல் ஐநா மனித உரிமைக் குழு, நிரூபிக்கும் சுமையை அவர்மேல் போட்டது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்று சொன்னது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்கு இங்கே வலு இல்லை என்றது. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் தடுப்புக்காவல் எல்லையை 18 மாதத்திலிருந்து 12 மாதமாக்கியது, 16ஆம் பிரிவில் கைவைக்கவில்லை.

வன்னியில் இது ஏட்டுச் சட்டம் இல்லை. 2009இல் போர் முடிகிறபோது ஓமந்தைச் சோதனைச் சாவடியில், இயக்கத்தில் (விடுதலைப் புலிகளில்) ஒருநாள் இருந்தவரும் தனியாக வந்து பதியவேண்டும் என்று அறிவித்துப் பிரித்தெடுத்தார்கள். என்ன செய்தாய் என்று கேட்கவில்லை, யாராக இருந்தாய் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பேரில் வைக்கப்பட்டு வெளியே வந்தார்கள். அதன் பிறகும் எங்கேயாவது ஒரு சத்தம் கேட்டால் அவர்களுடைய படலையில் மோட்டார்சைக்கிள் வந்து நிற்கும். 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டபோது முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நடந்த விசாரணையில்தான் கொலையைச் செய்தது அந்தக் குண்டுவெடிப்புக் குழு என்று தெரிய வந்து, மே மாதம் அவரை விட்டார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் ஒருவர் செய்யாத கொலைக்காக உள்ளே இருந்தார், ஏப்ரல் 21 வரைக்கும் செய்தவர்கள் வெளியில் இருந்து அடுத்ததைத் தயார்படுத்திக்கொண்டிருந்தார்கள். நாம்பன் கதைக்கும் இதற்கும் பருமன்தான் வித்தியாசம்.

நாங்கள் மட்டும் சுத்தம் என்றும் இல்லை. ஆமி முகமூடி போட்ட தலையாட்டியைக் கொண்டுவந்து வரிசையில் நின்றவர்களைக் காட்டச் சொன்ன அதே காலத்தில்தான், இயக்கங்கள் ஆட்களைச் சுட்டு மின்கம்பத்தில் கட்டிக் கழுத்தில் துரோகி, சமூகவிரோதி என்று மட்டை தொங்கவிட்டன. கம்பத்தடியில் நின்று பார்த்த சனத்தில் பாதி "ஏதும் செய்திருப்பான், சும்மா சுடுவாங்களே?" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனது. பின்னர் வன்னியில் நீதிமன்றம், சட்டக்கோவை, சட்டக் கல்லூரி எல்லாம் வைத்து இயக்கம் நீதி நிர்வாகம் நடத்தியது, காணிப் பிணக்கு, கொடுக்கல் வாங்கல் போன்றவற்றில் அது வேகமாக வேலை செய்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இயக்கத்துக்கு எதிரானவர் என்று குத்தப்பட்டவருக்கு அந்த நீதிமன்ற வாசல் இருக்கவில்லை.

இப்போது மட்டைக்குப் பதிலாக முகநூல். கைதானவரின் படத்தைப் போட்டு, கீழே "இவனைச் சுட வேண்டும்" என்று முந்நூறு பேர் எழுதுவார்கள். ஆத்திரம் விளங்குகிறது. ஆனால் அந்தப் படம் வழக்குக்கு என்ன செய்கிறது என்பதைப் பகிர்கிறவர் யோசிப்பதில்லை. முன்பின் தெரியாத ஆள் செய்த குற்றம் என்றால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 124ஆம் பிரிவின் கீழ் நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். ஒரே மாதிரித் தோற்றமுள்ள ஆட்களுக்கு நடுவில் சந்தேகநபரை நிறுத்தி, சாட்சியை அடையாளம் காட்டச் சொல்வார்கள். சாட்சி ஏற்கெனவே போனில் அந்த முகத்தைப் பார்த்திருந்தால், நீங்கள் அடையாளம் காட்டியது சம்பவத்தில் கண்டவரையா, முகநூலில் கண்டவரையா என்று எதிரித்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். அதற்கு நல்ல பதில் கிடையாது. நீதி வேண்டும் என்று பகிர்ந்த படம், பாதிக்கப்பட்டவரின் வழக்கிலேயே ஓட்டை போட்டுவிடும்.

2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் கொலைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் நீதிமன்றக் கட்டடத்துக்கே கல்லெறிந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். வன்னியிலும் கடைகள் பூட்டிக் கிடந்தன. அன்று வாக்கெடுத்திருந்தால் பிடிபட்ட எல்லாரையும் அன்றே தூக்கச் சொல்லியிருக்கும் சனம். மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் சாட்சிகளைக் கேட்டு 2017 செப்டெம்பர் 27இல் தீர்ப்புச் சொன்னது: ஒன்பது எதிரிகளில் ஏழு பேருக்கு மரணதண்டனை, இரண்டு பேர் விடுதலை. அந்த இரண்டு பேரைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை. ஏழு பேரின் தீர்ப்புக்குப் பெறுமதி இருப்பது, சாட்சி போதாத இடத்தில் அதே நீதிமன்றம் ஆளை விட்டதால்தான்.

நீதிமன்றம் என்றால் எப்போதும் சரி வரும் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. 1996இல் திருகோணமலை குமாரபுரத்தில் தமிழ்ச் சனம் கொல்லப்பட்ட படுகொலை வழக்கு இருபது வருடம் இழுபட்டு, அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016 ஜூலையில் சிங்கள மொழி ஜூரி ஆறு முன்னாள் இராணுவத்தினரையும் விடுவித்தது. யாழ்ப்பாணத்து மிருசுவிலில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டதற்காக 2015இல் மரணதண்டனை பெற்று, 2019இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்த இராணுவச் சிப்பாய்க்கு 2020 மார்ச்சில் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்தார். சீருடை போட்டவர் நல்லவர் என்ற அபிப்பிராயம் அங்கே வேலை செய்தது. எங்கள் பக்கத்து "உவன்தான்" என்ற பேச்சுக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். இதையெல்லாம் பார்த்த சனம் நீதிமன்றத்தை நம்பாமல் தானே தீர்ப்புச் சொல்லப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. சிறுவர் வழக்கு ஒன்றில் குற்றப்பத்திரம் வருவதற்கே வருடக்கணக்கில் காத்திருந்த தாய்க்கு "பொறுங்கோ, சட்டம் கடமையைச் செய்யும்" என்று சொல்ல எனக்கும் வாய் வராது. அதற்குக் கேட்க வேண்டியது விரைவான விசாரணையும், தமிழில் வாக்குமூலமும், சாட்சிக்குப் பாதுகாப்பும். மின்கம்பத்தில் கட்டி அடிப்பது இவற்றில் ஒன்றையும் கொண்டுவராது.

உங்கள் ஊரில் ஒருவர் கைதானால், அவரை நல்லவர் என்று தெரிந்தவர்கள் செய்யக்கூடிய வேலை பிணைக்குக் கையெழுத்து வைப்பது, முடியாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தைக் காட்டிவிடுவது. முறைப்பாடு செய்த வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசுவது அதில் சேராது. நீங்களே சாட்சியாக வாக்குமூலம் கொடுக்கப் போனால் கண்டதைச் சொல்லுங்கள், நேரம், தூரம், வெளிச்சம், உடுப்பு என்று எல்லாவற்றையும், காணாததைக் காணவில்லை என்றும் சொல்லுங்கள். தமிழில் எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டச் சொல்லி, சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். "அவன் எப்பவும் உப்பிடித்தான்" என்று ஒரு வரி அதில் ஏறியிருந்தால் வெட்டச் சொல்லுங்கள், மூன்று வருடம் கழித்துக் கூண்டில் நிற்கும்போது குறுக்கு விசாரணையில் முதலில் பிடிபடுவது அந்த வரிதான்.